முழங்கால் மாற்று அறுவையில் ரத்த இழப்பைக் குறைக்கும் ஊசி: எவ்வளவு, எப்போது, எங்கே தவறு நடக்கும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் பலருக்கு ஹீமோகுளோபின் 2 முதல் 3 கிராம் வரை இறங்கியிருக்கும். தியேட்டரில் பஞ்சிலும் உறிஞ்சு பாட்டிலிலும் தெரிந்த ரத்தம் அவ்வளவு இருந்திருக்காது. மீதியெல்லாம் மூட்டுக்குள்ளும் தொடைத் தசைகளுக்கு இடையிலும் கசிந்து தேங்கியது. மொத்த இழப்பில் பாதி வரை இப்படிக் கண்ணில் படாமலே போவதுண்டு. ரத்த இழப்பைக் குறைக்கும் மருந்து ஏதும் கொடுக்காமல் செய்த அறுவையில் ஒரு முழங்காலுக்கு 800 முதல் 1,500 மி.லி. வரை ரத்தம் போகலாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் ஐம்பத்தைந்து, அறுபது கிலோ எடையுள்ள ஒரு அம்மாவின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் மூன்றரை லிட்டர்தான். அதுவும் பத்து கிராம் ஹீமோகுளோபினோடு வருகிறவர் என்றால் இந்த இழப்பு சாதாரணமானது இல்லை.

இதைக் குறைக்க விலை மலிவான, எளிய மருந்து ஒன்று இருக்கிறது: டிரானெக்ஸாமிக் ஆசிட். இதற்காகப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்குக்காக அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் வைத்திருக்கும் அதே ஊசிதான். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் முழுப் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் நேரம் தவறுவதால்தான். ஆபத்து வருவது ஆம்பூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி) மாறிப்போவதால். இந்த இரண்டுக்காகவே இதை எழுதுகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூட்டு மாற்றுக்கு நாள் குறித்திருக்கும் குடும்பங்களும், அந்த அறுவை நடக்கும் தியேட்டரில் நிற்கும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் சேர்ந்து படிக்கலாம். மருந்து வேண்டுமா, எவ்வளவு என்பதை மயக்க மருத்துவரும் எலும்பு மருத்துவரும்தான் முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தார் இதை வைத்துக் கேள்வி கேட்கலாம். மருந்துக் கடையில் நீட்டி வாங்கக் கூடாது.

மருந்து செய்யும் வேலை

வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் உறைந்து ஃபைப்ரின் என்ற நார்வலை உருவாகும். உடம்பிலேயே அந்த வலையைக் கரைக்கும் பொருளும் உண்டு. அதன் பெயர் பிளாஸ்மின். வாய்க்கால் உடைப்பில் போட்ட மண் அணையைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போவது போல, புதிதாக உறைந்ததைப் பிளாஸ்மின் அரித்துவிடும். டிரானெக்ஸாமிக் ஆசிட், பிளாஸ்மினாக மாறப்போகும் பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினில் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் உறைந்தது கரையாமல் நிற்கிறது. புதிதாக ரத்தத்தை உறைய வைக்கும் வேலையை இது செய்வதில்லை. அறுபட்ட ரத்தக்குழாயைக் கட்டாமல் விட்டால் எத்தனை ஆம்பூல் போட்டாலும் நிற்காது.

முழங்கால் அறுவையில் இது நன்றாக வேலை செய்யக் காரணம் தொடையில் கட்டும் டூர்னிக்கெட். கட்டி வைத்திருக்கும் நேரத்தில் காலில் ரத்த ஓட்டம் நிற்கிறது. அவிழ்த்ததும் அந்தக் காலில் உறைகரைப்பு வேகமெடுக்கிறது. முதல் சில மணி நேரம்தான் உச்சம். அந்த நேரத்தில் மருந்து திசுக்களுக்குள் இருந்தாக வேண்டும்.

1962-ல் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ என்ற ஆராய்ச்சித் தம்பதி கண்டுபிடித்த மருந்து இது. பிரசவத்தில் தாய்மார் ரத்தம் போய் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பது உடாகோ அம்மையாரின் எண்ணம். 2010-ல் வெளியான, 20,211 விபத்து நோயாளிகள் பங்கெடுத்த கிராஷ்-2 ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. பலவகை அறுவைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ரத்தப்போக்கும், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன.

ஒரு மாதம் முன்பே தொடங்கும் வேலை

ஊசி போடுவது அறுவை நாளில். ஆனால் ரத்த இழப்பைத் தாங்கும் உடம்பை அதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். அறுவைக்கு 4 முதல் 6 வாரம் முன்பு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஆணுக்கு 13-க்கும் பெண்ணுக்கு 12-க்கும் கீழே என்றால் அது ரத்தசோகை. நாள் தள்ளிப்போட்டுச் சரிசெய்வதே நல்லது. மூட்டு மாற்று அவசர அறுவை கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் நாட்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பலர் அந்த நாட்களைச் சும்மா கழித்துவிட்டு, முந்தின நாள் வார்டில் சேர்ந்த பிறகு ஹீமோகுளோபின் 9 என்று தெரிந்து, ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைகிறார்கள்.

ரத்தசோகை ஏன் வந்தது என்று கேட்பது முக்கியம். வருடக்கணக்கில் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையும் ஊசியும் போட்டவருக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறும் காரணமாக இருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் இரும்புச்சத்து மட்டும் கொடுப்பது பாதி வேலை.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலே உடம்பு நன்றாக உறிஞ்சும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் நல்லது. நம் பக்கத்து வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ராகிக் களியும் கூழும் நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் ராகியில் உள்ள கால்சியமும் ஃபைட்டேட்டும் துவர்ப்புப் பொருளும் இரும்பை உறிஞ்ச விடாது. டீயும் பாலும் அப்படித்தான். மாத்திரைக்கும் இவற்றுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நாள் குறைவாக இருந்தாலோ மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராவிட்டாலோ நரம்பு (ரத்தக்குழாய்) வழியாக இரும்பு ஏற்றுவார்கள். எவ்வளவு தேவை என்று கணக்கிட எளிய வழி: எடையை, எட்ட வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இப்போதுள்ளதற்கும் இடையிலான வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, 500 கூட்ட வேண்டும். 60 கிலோ எடை, 9.5 கிராம் ஹீமோகுளோபின், இலக்கு 13 என்றால் 60 × 3.5 × 2.4 = 504. அதோடு 500 சேர்த்தால் சுமார் 1,000 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒருமுறைக்கு 200 மி.கி. வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் 1,000 மி.கி. ஒரே அமர்வில் போய்விடும், விலை கூடுதல். கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் ஏற்றிப் பழகிய செவிலியர்கள் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறார்கள். முறை ஒன்றுதான். ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் கவனிக்க ஆளும் மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ரத்தம் இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. பொதுவாக குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தப்படும். வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்தி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) இறங்கியதைப் பார்த்த பிறகே அறுவை. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எடுப்பவர்களுக்கு முதுகில் மயக்க ஊசி போடுவதென்றால் 3 நாள் இடைவெளி வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதைவிடக் கூடுதல். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் 75 மி.கி. பெரும்பாலும் தொடரும். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து 6 மாதமாவது ஆகாமல், மாரடைப்புக்காக வைத்ததென்றால் ஒரு வருடம் ஆகாமல், மூட்டு மாற்றுக்கு அவசரப்பட வேண்டாம். இதயத்துக்காகச் சேலத்திலோ பெங்களூருவிலோ பார்த்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கையில் இருக்க வேண்டும். “ஆஞ்சியோ பண்ணாங்க” என்ற ஒரு வார்த்தையை வைத்து எந்த மயக்க மருத்துவரும் முடிவெடுக்க முடியாது.

மூட்டு வலிக்கென்று வாங்கிய பொடி, சூரணம், கஷாயம் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்து வந்து காட்டுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருப்பது உண்டு.

யாருக்கு யோசித்துக் கொடுக்க வேண்டும்

காலிலோ நுரையீரலிலோ இப்போது ரத்தக் கட்டி இருப்பவருக்கு இந்த ஊசி கூடாது. இந்த மருந்துக்கு ஒவ்வாமை முன்பு வந்திருந்தாலும் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர், சிறுநீரில் ரத்தம் போகிறவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோர் தனிக் கவனம் வேண்டியவர்கள். மருந்து கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீர் வழியாகவே, உருமாறாமல் வெளியேறுகிறது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் உடம்பிலேயே தங்கி வலிப்பைத் தூண்டலாம். சீரம் கிரியேட்டினின் (டெசி லிட்டருக்கு மி.கி. கணக்கில்) 1.36 முதல் 2.83 வரை என்றால் கிலோவுக்கு 10 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கிடையாது, 2.83 முதல் 5.66 வரை என்றால் நாளுக்கு ஒருமுறைதான். சர்க்கரை நோயாளிகள் அதிகம் வரும் அறுவை இது. ஆகவே கிரியேட்டினின் முடிவு கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆம்பூலைக் கையில் எடுக்க வேண்டும்.

எப்போதோ பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக் கட்டி வந்து குணமானவர்கள் விஷயத்தில்தான் வாக்குவாதம் வரும். மூட்டு மாற்று அறுவைக்கான அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2018-ல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், பழைய வரலாறு ஒன்றை மட்டும் காரணமாக வைத்து மருந்தை மறுக்கத் தேவையில்லை என்ற பக்கம் சாய்கிறது. 2022-ல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், இதயமல்லாத பிற அறுவைகளுக்கு வந்த 9,535 பேரில், கடுமையான ரத்தக்கசிவு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் மருந்து பெற்றவர்களில் 14.2, பெறாதவர்களில் 13.9 சதவீதம். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனாலும் ஆபத்து துளியும் கூடவில்லை என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் கருத்து: இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் அதிகம் போய் இதயம் திணறுவதும் ஆபத்துதான். ஆகவே நரம்பு வழி வேண்டாம் என்று மருத்துவர் நினைத்தால், மூட்டுக்குள் நேரடியாக விடும் வழி இருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

அறுவை நாள்: முதலில் ஆம்பூல்

அளவுக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். முதுகில் போடும் மயக்க ஊசி (ஸ்பைனல்) மருந்தான புபிவக்கெய்ன் 4 மி.லி. கண்ணாடி ஆம்பூலில் வருகிறது. டிரானெக்ஸாமிக் 5 மி.லி. கண்ணாடி ஆம்பூலில் வருகிறது. இரண்டும் நிறமற்றவை. அவசரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். டிரானெக்ஸாமிக் தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் போனால் சில நிமிடங்களில் முதுகிலும் பிட்டத்திலும் கடும் வலியும் எரிச்சலும் வரும். கால்கள் மரத்துப்போவதற்குப் பதிலாகத் துடிக்கத் தொடங்கும். பிறகு முழு உடம்பும் வலிப்பாகி, இதயத்துடிப்பு தாறுமாறாகும். பதிவான சம்பவங்களில் பாதிக்கு அருகில் உயிரிழப்பில் முடிந்திருக்கின்றன. 2022-ல் உலக சுகாதார நிறுவனமே இதற்கென்று எச்சரிக்கை விடுத்தது.

தடுக்கும் வழி செலவில்லாதது. டிரானெக்ஸாமிக் ஆம்பூல் மயக்க மருந்து டிராலியில் இருக்கவே கூடாது. தனிப் பெட்டி, தனி அலமாரி. ஸ்பைனல் டிரேயில் அந்த நோயாளிக்கான புபிவக்கெய்ன் ஆம்பூல் மட்டும். முதுகிலிருந்து ஊசி வெளியே வந்து, நோயாளியைப் படுக்க வைத்த பிறகுதான் டிரானெக்ஸாமிக் ஆம்பூலை உடைக்க வேண்டும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாத தியேட்டரில் இந்தத் தவறு நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உடைப்பவர் லேபிளை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கேட்டு ‘சரி’ சொல்ல வேண்டும். ஆம்பூலின் வடிவத்தையும் மூடியின் நிறத்தையும் நம்பாதீர்கள். கம்பெனி மாறினால் இரண்டும் மாறும். சிரிஞ்சில் ஏற்றியவுடன் பெயரும் அளவும் எழுதி ஒட்டுங்கள்.

தவறு நடந்துவிட்டால், அல்லது ஸ்பைனல் போட்டும் கால் மரக்காமல் துடித்தால், உடைத்த ஆம்பூலைக் குப்பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். உதவிக்குக் கூப்பிட்டு, மூச்சுக் குழாயைப் பாதுகாத்து, வலிப்பு நிற்க மிடசோலம், மக்னீசியம் சல்ஃபேட் என்று தொடங்கி, தண்டுவட நீரைச் சலைனால் கழுவி மாற்றுவதை மயக்க மருத்துவர் உடனே யோசிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு கட்டாயம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு முன்பு, பல கிராமங்களில் ஃபுளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர்தான் குடிநீர். இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்கள். அவர்களில் சிலருக்கு முதுகெலும்பின் தசைநார்கள் சுண்ணாம்பாகி இறுகியிருக்கும். ஸ்பைனல் ஊசி எளிதில் இறங்காது. பலமுறை குத்தி, புது ஆம்பூல் கேட்டு, கை மாறும் அந்தப் பதற்றத்தில்தான் ஆம்பூல் மாறும். பல்லில் பழுப்புக் கறை, கழுத்தும் முதுகும் விறைத்த நிலை இருந்தால் முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்து மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இப்படி விறைத்த முழங்காலுக்கு அறுவை நேரமும் கூடும். இரண்டாவது டோஸ் மறக்காமல் போக வேண்டியவர்கள் இவர்கள்தான்.

அளவும் நேரமும்

நரம்பு வழியாகக் கிலோவுக்கு 15 மி.கி. என்பது பரவலான அளவு; 10 முதல் 20 வரை கொடுக்கிறார்கள். ஒரு ஆம்பூலில் 5 மி.லி.க்கு 500 மி.கி., அதாவது ஒரு மி.லி.க்கு 100 மி.கி. 50 கிலோ என்றால் 750 மி.கி., 7.5 மி.லி. 60 கிலோ என்றால் 900 மி.கி., 9 மி.லி. 70 கிலோவை நெருங்கினால் இரண்டு ஆம்பூல் முழுதாக, 1 கிராம். பெரியவர் எல்லோருக்கும் 1 கிராம் என்று ஒரே அளவாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதில் தவறில்லை. மெலிந்த, வயதான அம்மாக்களுக்கு எடை பார்த்துப் போடுவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

நிமிடத்துக்கு 1 மி.லி.க்கு மேல் வேகம் கூடாது. 10 மி.லி. போக 10 நிமிடம் ஆக வேண்டும். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும், குமட்டும், தலை சுற்றும். ஸ்பைனல் போட்டதால் ஏற்கெனவே அழுத்தம் இறங்கியிருக்கும் நேரம் அது; இரண்டும் சேர்ந்தால் மருந்தைக் குறை சொல்வார்கள், குற்றம் வேகத்தினுடையது. சிரிஞ்ச் பம்ப் இருந்தால் 10 மி.லி.யை மணிக்கு 60 மி.லி. வேகத்தில் வையுங்கள். பம்ப் இல்லாத தியேட்டரில் 100 மி.லி. சலைன் பாட்டிலில் கலந்து தொங்கவிடுவது வழக்கம். அதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு: மி.லி.க்கு 20 சொட்டு விழும் சாதாரண செட்டில் 110 மி.லி.யை 15 நிமிடத்தில் முடிக்க நிமிடத்துக்கு 147 சொட்டு வேண்டும். யாராலும் எண்ண முடியாது. ஒன்று முழுவதும் திறந்துவிடுவார்கள், அல்லது மெதுவாக ஓடி டூர்னிக்கெட் ஏறிய பிறகும் பாட்டிலில் பாதி நிற்கும். பாட்டிலில் 50 மி.லி. சலைனை வெளியேற்றிவிட்டு மருந்தைக் கலந்தால் மொத்தம் 60 மி.லி.; 15 நிமிடத்துக்கு நிமிடம் 80 சொட்டு. இது எண்ணக்கூடியது. ரத்தம் ஏறும் அதே டியூபிலும், பென்சிலின் கலந்த சலைனிலும் இதைக் கலக்கக் கூடாது.

முழு டோஸும் டூர்னிக்கெட் ஏற்றுவதற்கு முன் போய் முடிந்திருக்க வேண்டும். இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றை மனதில் வைப்பதானால் இதை வையுங்கள். டூர்னிக்கெட் ஏறிய பிறகு கையில் போகும் மருந்து உடம்பெல்லாம் சுற்றும்; அறுக்கும் காலுக்கு மட்டும் போகாது. ஸ்பைனல் முடிந்து, மருந்து பிடித்ததா என்று பார்த்து, காலைச் சுத்தம் செய்து துணி விரிக்க 20 நிமிடமாவது ஆகும். டிரிப்பைத் தொடங்க அதுதான் நேரம். டைம்-அவுட் (கத்தி வைக்குமுன் எல்லோரும் ஒருமுறை நின்று சரிபார்ப்பது) சொல்லும்போது “ஆன்டிபயாடிக் போயிடுச்சா” என்று கேட்பதோடு “டிரானெக்ஸா முடிஞ்சுதா” என்றும் கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ‘தொடங்கியாச்சு’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ‘முடிஞ்சது’ என்றால் மட்டுமே டூர்னிக்கெட்.

இரண்டாவது டோஸ் அதே அளவில், முதல் டோஸுக்கு 3 மணி நேரம் கழித்து. சிலர் டூர்னிக்கெட் அவிழ்ப்பதற்குச் சற்று முன்பு கொடுக்கிறார்கள். உடம்பில் இந்த மருந்தின் அளவு சுமார் 2 முதல் 3 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உறைகரைப்போ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த டோஸ்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது, ஏனென்றால் அதற்குள் நோயாளி வார்டுக்குப் போயிருப்பார். முதல் டோஸ் முடிந்த நேரத்தையும் அடுத்தது தர வேண்டிய நேரத்தையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, வார்டு செவிலியரிடம் வாயாலும் சொல்லி ஒப்படையுங்கள். இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் செய்தால், இரண்டாவது காலுக்கு டூர்னிக்கெட் ஏற்றுமுன் டோஸ் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

மாத்திரையாகக் கொடுப்பதும் உண்டு. 500 மி.கி. மாத்திரை நான்கு, மொத்தம் 2 கிராம், அறுவைக்கு 2 மணி நேரம் முன்பு ஒரு மடக்குத் தண்ணீரில். ரத்த இழப்பைக் குறைப்பதில் ஊசிக்கு இது பெரிதாகச் சளைத்ததில்லை. ஆனால் பட்டியலில் முதல் கேஸாக இருப்பவருக்கு மட்டுமே இதை நம்பலாம். காலை 6 மணிக்கு விழுங்கிவிட்டு, முன்னால் ஒரு இடுப்பெலும்பு முறிவு கேஸ் புகுந்து, 12 மணிக்குக் கத்தி வைத்தால் மருந்தின் உச்சம் கடந்துபோயிருக்கும். இன்னொன்று: கடைகளில் டிரானெக்ஸாமிக் ஆசிட்டோடு மெஃபனாமிக் ஆசிட் சேர்த்த மாத்திரை நிறைய விற்கிறது. மாதவிடாய் உதிரப்போக்கோடு வலியும் இருப்பவர்களுக்கானது அது. மெஃபனாமிக், ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் குறைக்கும் வலி மருந்து. சீட்டில் டிரானெக்ஸாமிக் தனியாக எழுதியிருந்தால் அட்டையில் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும்.

மூட்டுக்குள் விடுவதென்றால் 1.5 முதல் 3 கிராம் மருந்தை 50 முதல் 100 மி.லி. சலைனில் கலந்து, செயற்கை மூட்டைப் பிடித்து நிறுத்தும் சிமெண்ட் இறுகிய பிறகு காயத்தில் ஊற்றி 5 நிமிடம் நிற்கவிட்டு, தேய்க்காமல் உறிஞ்ச வேண்டும். அல்லது மூட்டு உறையைத் தைத்து மூடிய பிறகு ஊசியால் உள்ளே விடலாம். கசிவை வெளியேற்றும் டிரெயின் குழாய் வைத்திருந்தால் அதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் கிளிப் போட்டு மூடாவிட்டால் ஊற்றிய மருந்து பாட்டிலுக்குத்தான் போகும். டிரெயினே வைக்காமல் முடிப்பதுதான் இப்போது பலரும் செய்வது. மூட்டுக்குள் விட்டதில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும் என்பதால், ஊசியும் போட்டவர்களுக்கு மொத்த அளவைக் கூட்டிப் பாருங்கள்.

மருந்தோடு சேர வேண்டியவை

உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. ஓசூர் குளிரில், ஏ.சி. தியேட்டரில், கழுவ ஊற்றும் சலைனும் ஏற்றும் சலைனும் சில்லென்று இருந்தால் டிரானெக்ஸாமிக் செய்த நன்மையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் போர்த்தி வையுங்கள். தொடை எலும்பில் கம்பி விட்ட துளையை, வெட்டியெடுத்த எலும்புத் துண்டால் அடைத்துவிட்டால் அந்த வழிக் கசிவு குறையும்.

அறுவைக்குப் பிறகு

ஹீமோகுளோபின் மறுநாளும் மூன்றாம் நாளும் பாருங்கள். மறுநாள் எண்ணை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மிகக் கீழே இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். ரத்தம் ஏற்றும் எல்லை பொதுவாக 7 கிராம், எலும்பு அறுவையிலும் இதய நோயாளிகளுக்கும் 8. அதற்கு மேலே இருந்து, படபடப்பு, தலைசுற்றல், மூச்சு வாங்குதல் எதுவும் இல்லாவிட்டால் ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். “முகம் வெளுத்திருக்கு, ஒரு பாட்டில் ஏத்திடுங்க” என்று உறவினர் கேட்பது பாசத்தால்தான். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலோடும் ஒவ்வாமையும் தொற்றும் வரும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது. ஆனாலும் ரத்தப் பிரிவு பார்த்து, வங்கியில் சொல்லி வைப்பது தவிர்க்கக் கூடாதது. அஞ்செட்டி, சித்தேரி போன்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்குக் கூட வந்தவர் ஒருவரோ இருவரோதான். நெகட்டிவ் பிரிவு என்றால் ஒரு வாரம் முன்பே கொடையாளியைத் தேடி வையுங்கள்.

மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று உங்கள் மருத்துவமனையிலேயே கணக்கிடலாம். முதலில் உடம்பிலுள்ள ரத்த அளவு. பெண்ணுக்கு: உயரம் மீட்டரில், அதன் கனம் (உயரம் × உயரம் × உயரம்) × 0.3561, எடை × 0.03308, இரண்டையும் கூட்டி 0.1833 சேர்க்க வேண்டும். ஆணுக்கு அந்த மூன்று எண்களும் 0.3669, 0.03219, 0.6041. 1.52 மீட்டர், 62 கிலோ அம்மாவுக்கு 1.25 + 2.05 + 0.18, சுமார் 3.48 லிட்டர். அறுவைக்கு முன் ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 36, மூன்றாம் நாள் 28 என்றால் வித்தியாசம் 8, சராசரி 32. எட்டை முப்பத்திரண்டால் வகுத்தால் 0.25. 3.48 × 0.25 = 0.87 லிட்டர். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த அளவையும் சேர்க்க வேண்டும். மாதக் கடைசியில் இந்த எண்களை, டோஸ் முடிந்த நேரத்தோடும் டூர்னிக்கெட் ஏறிய நேரத்தோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்கு அதிகம் போயிருக்கிறது, ஏன் என்பது பல சமயம் அந்த இரண்டு நேரங்களிலேயே தெரிந்துவிடும்.

டிரானெக்ஸாமிக் கொடுத்தோம் என்பதற்காகக் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மருந்தை நிறுத்தவோ தள்ளவோ கூடாது. ஆஸ்பிரினோ எனாக்ஸபாரினோ மருத்துவர் எழுதியபடி போக வேண்டும். டிரானெக்ஸாமிக்கின் வேலை முதல் நாளோடு முடிகிறது, காலில் கட்டி வரும் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கிறது. அன்றே மாலை எழுந்து நிற்பது, படுக்கையில் பாதத்தை மேலும் கீழும் மணிக்குப் பத்துப் பதினைந்து முறை அசைப்பது, தண்ணீர் நன்றாகக் குடிப்பது எல்லாம் இதில் சேரும்.

வீட்டுக்குப் போன பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் கறுத்துப் போனால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள். காயத்தின் மேல் போட்ட கட்டிலிருந்து ரத்தமோ நீரோ கசிகிறது என்று மருந்துக் கடையில் டிரானெக்ஸாமிக் மாத்திரை வாங்கிப் போடுவது நம் பக்கம் நடக்கிறது. அதைச் செய்யவே கூடாது. அப்போது வரும் கசிவைப் பெரும்பாலும் இந்த மாத்திரை நிறுத்தாது. ரத்தக் கட்டி ஆபத்தைத்தான் கூட்டும். ஐந்து நாள் தாண்டியும் காயம் கசிந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்காமல், கட்டைப் பிரிக்காமல், அறுவை செய்த மருத்துவரிடமே வந்து காட்டுங்கள்.